சத்தம் வராத பின்கதவு

வெர்லின் ஹாக்ஸ்டாட் எங்கள் முதியோர் இல்லத்தின் கம்ப்யூட்டர் ஆள். மைனாட் நகரத்தில் இதைவிட நல்ல சம்பளத்துக்குக் கூப்பிட்டும் போகவில்லை. காரணம், பதினோராம் அறையில் இருந்த அவன் அப்பா குனார். அவருக்கு நினைவு தப்பிவிட்டது. பண்ணையை விற்று ஆறு வருஷமாகியும், சாயங்காலமானால் மாடுகளைப் பார்க்க வேண்டும் என்று பின்கதவுக்கு நடப்பார். கதவு திறந்தால், பராமரிப்பாளரான என் மேஜையில் மணி அடிக்கும். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து அழைத்து வருவேன். ஜனவரியில் வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி. அந்த மணியை நம்பித்தான் அவர் உயிர் இருந்தது.

அந்த மணியை இயக்கியது நிலவறையில் இருந்த ஒரு பெரிய பெட்டி. அதற்குள் விர்ச்சுவல் மெஷின் என்ற பெயரில் ஆறு கம்ப்யூட்டர்கள் குடித்தனம் நடத்தின. ஒவ்வொன்றுக்கும் நெட்வொர்க்கில் தனி முகவரி.

அந்த ஜனவரியில் ஒரு நாள் மத்தியானம் மணிக்கான மெஷின் படுத்துவிட்டது. வெர்லின் அக்டோபரில் எடுத்து வைத்திருந்த நகலைக் கொண்டு அதை எழுப்பினான். அதன் முகவரிக்கு, 'இருக்கிறாயா?' என்று கேட்கும் பிங் செய்தியை அனுப்பினான். உடனே பதில் வந்தது. சாயங்காலம் ஐந்தரைக்கு மேலே வந்து, "சரியாயிடுச்சு மாவிஸ். பின்கதவை ஒரு தடவை திறந்து பாத்துடறேன்" என்றான். காதால் கேட்காமல் எதையும் நம்பாதவன்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு இருபது பேரை அப்போதுதான் உட்கார வைத்திருந்தேன்.

"ஏம்ப்பா, உனக்கு வேற நேரமே கிடைக்கலியா? மணி அடிச்சா லில்லியன் பாட்டி கத்த ஆரம்பிச்சுடுவா. பாதிப் பேரு தட்டைத் தள்ளிட்டு எந்திரிப்பாங்க. அப்புறம் யாரு உக்கார வைக்கிறது, உங்க தாத்தாவா?"

சிரித்தான். "உங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியுமா? பிங்குக்குப் பதில் சொல்லுது, அப்ப ஓடுதுன்னுதான் அர்த்தம். ஏழு மணிக்கு வந்து பாக்கறேன்."

அப்பாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

ஆறரைக்குக் குனாரின் நாற்காலி காலியாக இருந்தது. தேடித் தேடி, ஏழு மணிக்குத்தான் வேலி ஓரத்தில் கண்டுபிடித்தோம். ஒரு கால் செருப்பு வழியிலேயே கழன்று கிடந்தது. சொன்னபடி அப்போது வந்த வெர்லின் பனியில் மண்டியிட்டு, தன் கோட்டைக் கழற்றி அவர்மேல் போர்த்தினான். அதற்கெல்லாம் நேரம் கடந்துவிட்டது.

மறுநாள் அவனே தவறைத் தேடிப் பிடித்தான். பழைய நகல் அக்டோபர் முகவரியோடு எழுந்திருக்கிறது. இடையில், நவம்பரில், மணி மெஷினுக்கு வேறு முகவரி கொடுத்து, அந்தப் பழையதைச் சமையலறை மெஷினுக்குக் கொடுத்திருந்தார்கள். இரண்டும் ஒரே முகவரியில் உட்கார்ந்து அடித்துக்கொண்டதில், மணி மெஷினுக்கும் என் மேஜைக்கும் தொடர்பு அறுந்துவிட்டது. அவனுக்குப் பதில் சொன்னது சமையலறை மெஷின். கதவைத் திறந்து பார்த்திருந்தால் அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

மாநில அதிகாரி வந்து எங்கள் இருவரையும் அருகருகே உட்கார வைத்துக் கேட்டார். "கதவை ஏன் சோதிச்சுப் பாக்கல?"

"மறந்துட்டேன்" என்றான் வெர்லின். என் பக்கம் திரும்பவே இல்லை.

எனக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கி. வாயைத் திறக்கவில்லை.

அவனை அன்றைக்கே வேலையிலிருந்து நீக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள். கார் நிறுத்தும் இடத்துக்குப் பின்னாலேயே ஓடினேன். "உள்ள போயி உண்மையைச் சொல்லிடறேன் வெர்லின்."

"வேணாம் மாவிஸ். எங்க அப்பா போனது போனதுதான். உங்களையும் அனுப்பிட்டா லில்லியனுக்கு யாரு ஊட்டுவா?"

நான் உள்ளே போனேன், சொல்லவில்லை. இரண்டு வருஷம் கழித்து எனக்குக் கேக் வெட்டி விடை கொடுத்தார்கள். "பழைய ஆளுங்க யாரையாவது கூப்பிடணுமா? வெர்லின் தானியக் கிடங்குலதான் மூட்டை தூக்கறானாம், கூப்பிட்டா வருவான்" என்றாள் புதிய மேலாளர்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.