கன்ட்ரோல் குழாய் உறையாத செவ்வாய்க்கிழமை

எங்கள் லேபில் அவருக்குப் பெயர் விநாடி அக்கா. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. வெந்நீர்த் தொட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். இடது கையில் ஸ்டாப்வாட்ச், வலது கையில் சோதனைக் குழாய். சாய்ப்பார், நிமிர்த்துவார், மறுபடி சாய்ப்பார். உள்ளே இருக்கும் பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் தெளிநீர், ஓடாமல் கட்டி நின்றதும் வாட்சை அழுத்துவார். பதினெட்டு வருடமாக இதுதான் வேலை. அந்த நேரத்தில் யாராவது "அக்கா, டீ?" என்று கேட்டால் கிடைக்கிற பார்வை இருக்கிறதே, அதற்கு டீ குடிக்காமலே இருந்துவிடலாம். வாங்கிக் கட்டிக்கொண்டவள் என்ற முறையில் சொல்கிறேன்.

நாங்கள் சோதிப்பது ஆப்டமர் என்கிற பொருள். டி.என்.ஏ.வில் பதினைந்தே எழுத்து நீளமுள்ள துண்டு. வெட்டுக்காயம் பட்டால் ரத்தத்தில் த்ராம்பின் என்ற புரதம் கிளம்பி, கரைந்து கிடக்கும் இன்னொரு புரதத்தைப் பிடித்து நூல்நூலாக்கி அடைப்புப் போடும். நல்ல காரியம்தான். வெட்டே இல்லாத இடத்தில் அதிகப்பிரசங்கித்தனம் செய்தால்தான் வம்பு. எங்கள் துண்டு தன்மேலேயே மடிந்து சின்ன முடிச்சாகி, த்ராம்பின் பிடிக்கிற இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் த்ராம்பினுக்குக் கையைக் கட்டிப் போட்ட மாதிரிதான். இதை அவிழ்க்கவும் வழி உண்டு. எழுத்துக்கு எழுத்து ஜோடி சேர்கிற எதிர்த்துண்டு ஒன்றைப் போட்டால், முடிச்சு பிரிந்து த்ராம்பினை விட்டுவிடும். ரத்தம் பழையபடி உறையும்.

ஒப்பிட்டுப் பார்க்க, எதுவும் கலக்காத கன்ட்ரோல் குழாய் ஒன்று எப்போதும் வேண்டும். அதற்கு மருந்து மாத்திரை எடுக்காத ஆளின் ரத்தம்தான் ஆகும். பன்னிரண்டு வருடமாக அந்த ஆள் அக்காவின் கணவர், லேப் வேன் ஓட்டும் டிரைவர் அண்ணன். செவ்வாய்தோறும் வந்து சட்டைக் கையை மடித்துவிட்டு உட்காருவார். வேறு யார் ரத்தம் கொடுத்தாலும் அக்கா படிவத்தை வைத்துக்கொண்டு போலீஸ் மாதிரி குடைவார். தலைவலி மாத்திரை? இருமல் மருந்து? நேற்று? முந்தாநாள்? கணவரிடம் மட்டும் கேட்பதில்லை. "இவர் என்ன சாப்பிடுறார்னு எனக்குத் தெரியாதா?" என்று வரிசையாக 'இல்லை'யில் டிக் அடித்துவிடுவார்.

அந்தச் செவ்வாய் கன்ட்ரோல் குழாய் உறையவில்லை. இரண்டரை நிமிடத்தில் கட்ட வேண்டியது, ஐந்து நிமிடம் தாண்டியும் தண்ணீராக ஓடியது.

"ஏய், கன்ட்ரோல்ல ஆப்டமரைப் போட்டுத் தொலைச்சியா?"

"சத்தியமா இல்லக்கா!" எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எது நடந்தாலும் என் தலையில்தானே விடியும்.

அக்கா எதிர்த்துண்டை எடுத்துச் சில சொட்டு விட்டார். தப்பு என்னுடையது என்றால் இப்போது உறைய வேண்டும். உறையவில்லை. என் கையிலிருந்து ரத்தம் எடுத்து அதையும் பார்த்தார். சரியாக இரண்டரை நிமிடம். ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டே இருக்க, அதை மேசையில் வைத்தார். அவர் அப்படி வைத்து நான் பார்த்ததே இல்லை.

"தப்பு உன்மேல இல்லம்மா. அவர் ரத்தத்துலயே ஏதோ இருக்கு. காலைல ஊசி போட்ட இடத்துல பஞ்சை எடுத்த பிறகும் கசிஞ்சுது. நான்தான் கண்டுக்கல."

ஈரல் கெட்டாலும் ரத்தம் இப்படி ஓடும். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அக்கா விடுவிடுவென்று கீழே இறங்கினார். நான் பின்னால் போயிருக்கக் கூடாது. போனேன்.

அண்ணன் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

"எந்த மாத்திரை?"

"உங்க ரத்தம் அஞ்சு நிமிஷம் ஆகியும் உறையல."

அண்ணன் துணியைக் கீழே போட்டார். "அட, அதுல தெரிஞ்சிடுமா?"

பன்னிரண்டு வருடம் ரத்தம் கொடுத்த மனிதர், அது எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை!

"இதயம் தாளம் தப்பித் துடிக்குதாம். உள்ள ரத்தம் கட்டிடக் கூடாதுன்னு போன புதன்கிழமை டாக்டர் எழுதிக் கொடுத்தார். வண்டியிலயே வச்சிருக்கேன்."

"என்கிட்ட ஏங்க சொல்லல?"

"உங்கம்மா ரத்தக்கட்டி மூளைக்குப் போய்த்தானே போனாங்க. உன்கிட்ட எந்த வாயால சொல்றது?"

அக்கா அங்கேயே, வேன் படியில் உட்கார்ந்து அழுதார். "ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் கேக்கிறேன். உங்களைக் கேக்கலையே. இன்னைக்கும் நானே டிக் அடிச்சேன்." அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தோளில் கை வைத்துக்கொண்டார்.

அன்றைய முடிவுகளை எல்லாம் அக்கா நோட்டில் குறுக்கே கோடு போட்டு அடித்தார். காரணத்தையும் ஒளிக்காமல் எழுதினார்.

அடுத்த செவ்வாய் கன்ட்ரோலுக்கு என் ரத்தம். அரை மணி நேரக் குடைச்சல். முடிந்து நிமிர்ந்தால், அண்ணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நிற்கிறார்.

"இனிமே உங்க ரத்தம் ஆகாதுங்க."

"தெரியும். மாத்திரை வேலை செய்யுதான்னு சும்மா பாரேன்."

அக்கா புதுப் படிவம் எடுத்தார். "பேரு?"

"என்ன விளையாடுறியா?"

"பேரு சொல்லுங்க."

சொன்னார்.

"மாத்திரை?"

"காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு."

"இன்னைக்கு?"

"போட்டாச்சு."

'ஆம்' என்ற கட்டத்தில் அக்கா முதல் முறையாக டிக் அடித்தார். பிறகு குழாயைச் சாய்த்தார், நிமிர்த்தினார். இரண்டரை நிமிடம் தாண்டியது. மூன்று. நான்கு. போன வாரம் வெளுத்துப்போன அக்காவின் முகம் இப்போது மெல்ல மெல்லத் தெளிந்தது. அண்ணன் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"இன்னும் ஓடுதுங்க," என்றார் அக்கா. கண்ணில் தண்ணீர்.

எனக்கு என்ன தோன்றியதோ, "அக்கா, டீ?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"மூணா எடுத்துட்டு வா," என்றார், குழாயைச் சாய்த்தபடியே.