புளியறைக் கடலை

வாயில் போட்டதும் 'நறுக்'கென்றது. புளியறைச் சோதனைச் சாவடிக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் உம்மா சமையலுக்குச் சேர்ந்த முதல் வாரம் முழுக்க, புட்டுக்கு ஊற்றும் கொண்டைக்கடலைக் கறியில் எனக்குக் கேட்ட சத்தம் அதுதான். வாப்பா வளைகுடாவிலிருந்து போன் பேசுவதை நிறுத்தியிருந்தார். நான் ஆறாம் வகுப்போடு நின்றிருந்தேன். அந்த வேலைதான் எங்கள் சோறு. அதற்கு முன் உம்மா சமைத்த குற்றாலத்துச் 'சீசன்' கடையில் அருவித் தண்ணீரில் ஒரு மணி நேரத்தில் வெந்து மலர்ந்த அதே கடலை, இங்கே ஆழ்குழாய்த் தண்ணீரில் மூன்று மணி நேரம் கொதித்தும் மசியவில்லை.

"என்னக்கா, கோலிக்காயா அவிக்கிய?" என்றார் ஒரு லாரி டிரைவர். கடைக்கார அண்ணாச்சி சிரிக்கவில்லை. "நாளைக்கும் இப்படின்னா வேற ஆளப் பாத்துக்கிடுதேன்" என்றார்.

அன்று சாயங்காலம் கடலையை ஊறப்போட்டது நான். அந்த அடுப்படியில் கல்லுப்பைக் கரைத்து, மண் அடியில் தங்கியபின் தெளிந்த நீரைத்தான் கறிக்கு ஊற்றுவார்கள். அந்த 'உப்புத்தண்ணி' வாளியும் நல்ல தண்ணீர் வாளியும் ஒரே நீலம். வாளி மாறியது தெரியாமல் உப்புத் தண்ணீரில் அரை வாளியைக் கடலையில் கவிழ்த்து, மேலே குழாய்த் தண்ணீரும் விட்டுவிட்டேன்.

விடிந்ததும் உம்மா ஒரு கடலையைக் கடித்துத் துப்பினாள். "ஏட்டி, உப்புல ஊறினா வேகவே வேகாதுட்டி. பொழப்புல மண்ணப் போட்டுட்டியே."

வேறு கடலை இல்லை. அதையே மூன்று முறை அலசி அடுப்பில் ஏற்றினாள். முதல் லாரி வந்து நிற்குமுன் அகப்பையில் எடுத்து நசுக்கினாள், மாவாய் மசிந்தது. நம்பாமல் இன்னொன்றை நசுக்கினாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"எந்தக் கடையில வாங்குன கடலை?" என்று கேட்டார் அண்ணாச்சி, இரண்டாம் தட்டு முடிந்தபின்.

"அதே கடலதான் அண்ணாச்சி. தண்ணிய நாங்க பாத்துக்கிடுதோம்."

பின்னாளில் ஊர் ஊராய்ச் சமைத்துத் திரிந்தபோதுதான் காரணம் விளங்கியது. ஆழ்குழாய்த் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு உப்பு கடலைத் தோலின் பசையை இறுக்கிப்பிடித்து, அது கரைவதைத் தாமதமாக்குகிறது; சமையல் உப்போ ஊறும்போதே அந்தப் பிடியைத் தளர்த்திவிடுவதால், அதே தீயில் அதே பசை சீக்கிரம் கரைகிறது. உம்மா அங்கே எட்டு வருஷம் சமைத்தாள்.

அந்தக் கடை இப்போது இல்லை, அந்த இடத்தில் டயர் விற்கிறார்கள், உம்மாவும் இல்லை. புது ஊர் அடுப்படிகளில் யாராவது 'உப்பு போட்டா வேகாதே' என்றால் நான் வாதாடுவதில்லை. ஒரே ஒரு நாள் காலை அடுப்பை என்னிடம் விடச் சொல்கிறேன்.