அக்காவின் கழுத்துப் பட்டன்

எனக்கு வாய் நீளம். கோபம் வந்தால் ஆளும் பார்க்க மாட்டேன், இடமும் பார்க்க மாட்டேன். அக்கா அப்படியில்லை. கொதிக்கிற பானை கையில் பட்டாலும் 'ஸ்' என்று ஒரு சத்தம்தான், அதோடு சரி. "ரெண்டும் ஒரு வயித்துப் புள்ளைகளா?" என்று எங்கள் ஊரில் கேட்காதவர்கள் குறைவு. கற்பிட்டிப் பக்கம், கடலோரத்தில், மாதா கோயிலைச் சுற்றி வீடுகள் நெருங்கிக் கிடக்கிற ஊர் எங்களுடையது. ஒரு வீட்டில் மீன் பொரித்தால் நாலு வீட்டுக்குப் பசிக்கும்.

அண்ணன் இத்தாலியில் உழைத்துக் கோயிலுக்குக் கிட்ட ஒரு கல்வீடு கட்டினார். கல்யாணம் கட்டாத அக்கா அதில் தனியாக இருந்தாள். நான் புருசனோடு இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறேன். பெரிய வீடு, ஒரு மனுசி, கள்ளன் புகுந்துவிடுவான் என்று அண்ணன் அங்கிருந்தே ஆள் பிடித்து அலாரம் பூட்டுவித்தார். கதவுகளில் சின்னச் சின்ன வெள்ளைக் கட்டைகள், முன் அறைச் சுவரில் ஒரு பெட்டி, வெளியே விறாந்தைச் சுவரில் சைரன். "கள்ளன் வந்து எதைக் கொண்டுபோவான், என்ட கருவாட்டுச் சட்டியையா?" என்று அக்கா சிரித்தாள்.

அவளுக்கு ஆபத்து கள்ளனால் வரவில்லை. ஒரு ஞாயிறு காலை கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பில் அடி. எழும்ப முடியவில்லை. பூசை முடிந்து நான் வந்து பார்க்கும்வரை அந்த ஈரத்திலேயே கிடந்திருக்கிறாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் போய்க்கொண்டிருந்த நேரம்.

"கத்தியிருக்கலாமே! வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று நான் ஏசினேன்.

"பூசைக்குப் போற சனம். அதுகளுக்கு எதுக்குக் கரைச்சல்?" என்றாள்.

ஆசுபத்திரியில் இடுப்பைப் பார்த்தவர்கள் நெஞ்சையும் பார்த்தார்கள். இருதயம் பலவீனம், தனியாக விடாதீர்கள் என்றார்கள். என் வீட்டுக்கு வா என்று நானும் என் புருசனும் கெஞ்சினோம். "அண்ணன்ட வீட்டுக்கு ஆரு விளக்கு வைக்கிற?" என்று ஒரே பிடி. அண்ணனோடு போனில் சண்டை பிடித்தேன். அவர்தான் சொன்னார், அந்த அலாரத்தோடேயே ஒரு பட்டனைச் சேர்க்கலாம், வயர் தேவையில்லை, கழுத்தில் மாட்டிக்கொண்டால் போதும், விழுந்தால் அழுத்தினால் சைரன் கத்தும் என்று.

பூட்ட வந்தவர் புத்தளம் டவுனில் இருந்து வந்த ஒரு முஸ்லிம் நானா. சிறுவயதில் மன்னாரிலிருந்து பெட்டி படுக்கையோடு வந்த குடும்பமாம். கை வேலை செய்ய வாய் அதைவிட வேலை செய்யும் மனிதர். பெட்டியின் மூடியைக் கழற்றி உள்ளே ஒரு பொடிப் பட்டனை அழுத்திப் பிடித்தார். பெட்டி 'கீக்' என்றது. "இப்ப அது காதத் தொறந்து வச்சிருக்கு. அக்கா, ஒங்கட பட்டன அமத்துங்க" என்றார். அக்கா பயந்து பயந்து அழுத்தினாள். பெட்டி இரண்டு தரம் 'கீக் கீக்' என்றது. "ஆ, ரெண்டு பேரும் சிநேகிதமாகிட்டீங்க. இனி ஒங்கட பேச்சுக்கு மட்டும் அது கத்தும்."

போனுக்கும் அழைப்புப் போகிற மாதிரிப் பூட்டலாம், அதற்கு வேறொரு சாமான் வேண்டும் என்றார். அக்கா வேண்டாம் என்றாள். "எங்கட ஒழுங்கைக்கே காது இருக்கு நானா. போன் எதுக்கு?"

அது உண்மைதானே. நானும் தலையாட்டினேன்.

பிறகு எங்களுக்குப் பாடம். அழுத்தினால் பெட்டியில் சிவப்பு வெளிச்சம் மின்னும், சைரன் கத்தும். இரகசிய நம்பரை அடித்தால்தான் இரண்டும் நிற்கும். "நம்பர் அடிக்காட்டி இது லேசில மறக்காது, மாமியார் கோபம் மாதிரி" என்றார். நம்பர் மறந்து சைரன் நிற்காமல் கத்தினால் பெட்டிக்குள் அதற்குப் போகிற சின்ன வயரை இழுத்து விடுங்கள், பிறகு மறக்காமல் திருப்பிச் செருகுங்கள் என்று காட்டியும் தந்தார். கடைசியாக, கிணற்றடி, கக்கூசு, பின்பக்கத் தென்னை என்று அக்காவை ஒவ்வொரு இடமாகக் கூட்டிப்போய் அழுத்தச் சொன்னார்.

ஊருக்குச் சொல்லி வைக்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கிணற்றடியில் அவள் முதல் தரம் அழுத்தியதுதான் தாமதம், யேசு மரி சூசையே, அந்தச் சைரன் போட்ட கூச்சலில் காகமெல்லாம் பறந்தது. பக்கத்து வீட்டுக்காரி மீன் வெட்டின கத்தியோடேயே ஓடி வந்தாள். எதிர்வீட்டுக்காரர் முகத்தில் சவர்க்கார நுரை, இடுப்பில் ஈரத் துவாய். கோயிலடியில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் வேலியைப் பிரித்துக்கொண்டு வந்தார்கள். யாரோ ஒற்றைக்கால் செருப்போடு. கோயில் கூட்டுகிற மனுசி விளக்குமாறோடு. முற்றம் நிறைந்துவிட்டது.

அக்கா கதிரையில் சாய்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "நான் சாகக் கிடந்தா வருவீங்களா எண்டு பாத்தன்" என்றாள்.

"சாகிறத்துக்கு முந்தி எங்களச் சாக்காட்டிப்போடுவ போல" என்று பக்கத்து வீட்டுக்காரி கத்தியை ஓங்கினாள். அக்கா எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள். இடுப்பு வலியோடு ஊற்றிக் கொடுத்தாள். அவ்வளவு சந்தோசமாக அவளை நான் கன காலமாகக் கண்டதில்லை.

தலவிலைத் திருநாளில் வாங்கிய அன்னம்மாள் பதக்கம் தொங்கின அதே கயிற்றில் பட்டனையும் கோர்த்துக்கொண்டாள். "மாட்டுக்கு மணி கட்டின மாதிரிக் கட்டிட்டியே" என்று என்னை நக்கலடிப்பாள். ஆனால் கழற்ற மாட்டாள். ஒவ்வொரு முதல் வெள்ளிப் பூசைக்குப் பிறகும் ஊருக்குச் சொல்லிவிட்டு ஒருதரம் அழுத்திப் பார்ப்பாள்.

ஒரு குறை. சும்மாவும் அது அமுங்கிவிடும். ஒருநாள் அலுமாரித் தட்டில் சாய்ந்தபோது, இன்னொருநாள் குனிந்து தேங்காய் திருவியபோது. கத்தியது, ஊரும் ஓடி வந்தது. அக்கா கூனிக்குறுகிப் போனாள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்துவிட்டுப் போனார்கள். அவளுக்குத்தான் அது முள்ளாகக் குத்தியது.

தவக்காலம் வந்தது. எங்கள் கோயிலில் பாடுகளின் நாட்கள் நெருங்கும்போது சுரூபங்களை ஊதாச் சீலையால் மூடுவார்கள். அந்த உறைகளை வருடா வருடம் தைப்பது அக்காதான். அந்தோனியாருக்கு எவ்வளவு, மாதாவுக்கு எவ்வளவு என்று அளவெல்லாம் அவள் கையில் இருந்தது. பெரிய வியாழன் பூசையில் வானவர் கீதம் பாடும்போது மணிகள் எல்லாம் ஒன்றாக அடிக்கும், அதன் பிறகு வாய் மூடிவிடும். உயிர்ப்புப் பூசைவரைக்கும் எங்கள் ஊரில் மணிச்சத்தமே இருக்காது. மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். அந்த நாட்களில் ரேடியோ போட மாட்டோம், பிள்ளைகளைக்கூடச் சத்தம் போட விடமாட்டோம். ஆண்டவர் பாடுபடுகிற நாட்கள்.

பெரிய வெள்ளியன்று அக்கா ஆராதனைக்கு வரவில்லை. நீண்ட நேரம் முழந்தாளிட இடுப்பு விடாது. ஆராதனை முடிந்து வருகிற சனத்துக்குக் கஞ்சி காய்ச்சி வைக்கிறேன் என்று வியாழன் பூசையிலேயே சொல்லியிருந்தாள். பின்னேர ஆராதனையில் கோயில் நிறைந்த சனம், ஒரு இருமல்கூட இல்லை. பாடுகளின் வாசகம் வாசித்தார்கள். அவர் உயிர் விடுகிற இடம் வந்ததும் எல்லோரும் முழந்தாளிட்டு மௌனமாக இருந்தோம். ஊசி விழுந்தாலும் கேட்டிருக்கும். அண்ணன் வீட்டுச் சைரன் கேட்காமலா போயிருக்கும்?

சிலுவையை முத்தி செய்துவிட்டு நேரே அக்காவிடம் போனேன். பக்கத்து வீட்டுக்காரியும் கஞ்சிக்கென்று கூட வந்தாள். விறாந்தையில் சைரனுக்குக் கீழே ஒரு கதிரை போட்டபடி கிடந்தது. நிமிர்ந்து பார்த்தால் சைரனுக்கு ஊதா உறை. சுருக்குக் கயிறு வைத்து, ஓரம் மடித்து, சுரூபத்துக்குத் தைப்பது போலவே அழகாகத் தைத்திருந்தாள். எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. "உங்கட அக்காவுக்குப் பைத்தியம்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

கதவைத் தள்ளினேன். கஞ்சி அடிப்பிடித்த மணம். முன் அறைப் பெட்டியில் சிவப்பு வெளிச்சம் மின்னி மின்னி அணைந்தது. சத்தம் இல்லை. பெட்டியின் மூடி கொஞ்சம் விலகி, அந்தச் சின்ன வயர் வெளியே தொங்கியது.

அக்கா குசினி வாசலில் சரிந்து கிடந்தாள். பதக்கத்தையும் பட்டனையும் சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தாள். உடம்பில் இன்னும் சூடு இருந்தது.

ஆசுபத்திரிக்குக் கொண்டு ஓடினோம். கொஞ்சம் முந்திக் கொண்டு வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டொக்டர். அந்த வார்த்தையை எனக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம். இன்றைக்கும் நெஞ்சில் கிடந்து எரிகிறது.

வியாழன் இரவே உறையைப் போட்டு வயரையும் கழற்றியிருக்கிறாள். பூசையிலிருந்து அவளோடு கூட நடந்து வந்த கோயில் கூட்டுகிற மனுசியிடம் சொன்னாளாம்: "கோயில் மணியே வாயப் பொத்துது. என்ட சனியன் இந்த நாளையில கத்திட்டா ஆண்டவருக்கு என்ன முகத்தக் காட்டுற?" அந்த மனுசி பகிடி என்று நினைத்துவிட்டாள். உயிர்ப்புப் பூசையில் மணி அடிக்கும்போது தானும் திருப்பிப் பூட்டலாம் என்றுதான் அக்கா நினைத்திருப்பாள். பிறகு நெஞ்சு வலித்து விழுந்த நேரத்தில், தான் வயரைக் கழற்றியது நினைவில்லாமல் அழுத்தினாளோ, நினைவிருந்தும் வேறு வழியில்லாமல் அழுத்தினாளோ, எனக்குத் தெரியாது.

சுவாமி ஆறுதல் சொல்ல வந்தார். நல்ல மனிதர். ஆனாலும் என் வாய் நிற்கவில்லை. "சுவாமி, குருத்து ஞாயிறு அண்டைக்கு நீங்கதானே வாசிச்சீங்க? ஆண்டவரே சிலுவையில தொங்கிக்கொண்டு சத்தமாக் கத்தித்தானே உயிர விட்டார்? அவர் கத்தலாம், என்ட அக்கா கத்தக்கூடாதா?" என்று கேட்டேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அவரையும் குற்றம் சொல்ல ஏலாது. அக்காவை அப்படிச் செய்யச் சொன்னவர் ஒருவரும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது, ஏசுவதற்கு ஒரு ஆள்கூட இல்லை.

எங்கள் ஊரில் ஒரு சாவு விழுந்தால் துக்கமணி அடித்துத்தான் சனத்துக்குத் தெரியும். அவளுக்கு அதுவும் இல்லை. மணி வாய் மூடியிருந்த நாளில் செத்தவள். ஆளனுப்பி வீடு வீடாகச் சொன்னோம். முன் அறையில் சவப்பெட்டியை வைத்தோம். அவள் தலைமாட்டுக்கு நேரே சுவரில் அந்தச் சிவப்பு வெளிச்சம் மின்னிக்கொண்டே கிடந்தது. நம்பரை அடித்து நிற்பாட்டவா என்று என் புருசன் கேட்டார். "தொட்டீங்கண்டா தெரியும்" என்றேன். அவளுடைய விரல் கடைசியாகச் செய்த வேலை அது. அணைக்க எனக்கு மனம் வரவில்லை.

உயிர்ப்புத் திருநாள் கழிய, திங்கட்கிழமை பூசை வைத்து அடக்கம் செய்தோம். அப்போதுதான் அவளுக்கு மணி அடித்தது. சேமக்காலையில் மண் போட்டுவிட்டு வந்து சனமெல்லாம் தங்கள் வீடுகளுக்குக் குளிக்கப் போய்விட்டார்கள். நானும் புருசனும் மட்டும் அண்ணன் வீட்டுக்கு வந்தோம். கதிரையில் ஏறி ஊதா உறையின் சுருக்கை அவிழ்த்தேன். அவள் போட்ட முடிச்சு. பல்லால் கடித்துத்தான் எடுத்தேன். உறையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனேன். அந்த வயர் தொங்குவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. பிறகு மறக்காமல் திருப்பிச் செருகுங்கள் என்று நானா சொன்னதுதான் நினைவில் இருந்தது. செருகினேன்.

சைரன் அலறியது.

பெட்டி மறக்கவில்லை. வெள்ளிக்கிழமை அவள் அழுத்தியதை உள்ளேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. வழி கிடைத்ததும் கத்திவிட்டது.

ஓடி வரும் காலடிகள் கேட்டன. பக்கத்து வீட்டுக்காரி ஈரத் தலையோடு வந்தாள். எதிர்வீட்டுக்காரர் துக்கத்துக்கு உடுத்த வெள்ளைச் சட்டையைப் பாதி கழற்றியபடி வந்தார். வலைக்காரர்கள் வேலியைப் பிரித்துக்கொண்டு வந்தார்கள். கோயில் கூட்டுகிற மனுசி செருப்பில்லாமல் வந்தாள். முற்றம் நிறைந்துவிட்டது. வந்த பிறகுதான் அவர்களுக்கு நினைவு வந்தது. அப்படியே நின்றுவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி தலையில் கை வைத்துக்கொண்டு மண்ணில் குந்திவிட்டாள்.

வந்துவிட்டார்களடி அக்கா. ஒருத்தர் விடாமல் வந்துவிட்டார்கள்.

என் புருசன் நம்பரை அடிக்கப் பெட்டிக்குக் கை நீட்டினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுங்க" என்றேன். "வெள்ளிக்கிழமை கூப்பிட்டவ. இப்பதான் கேக்குது."