வாசம் வராத நாற்காலி

அந்தப் பல் மருத்துவரை நான் மன்னிக்கப் போவதில்லை என்று சொன்னபோது, என் மனைவி, "அதவுட்டா உங்களுக்கு வேறென்ன வேலைங்க?" என்றாள். உண்மைதான். நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்து எல்லைக்கல் எண்ணிக்கொண்டிருந்தவன், ஓய்வுக்குப் பிறகு பல்லை எண்ணிக்கொண்டிருக்கிறேன். மேலும் கீழுமாகப் பத்தொன்பது மிச்சம். அவற்றில் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் கடைவாய்ப்பற்கள் ஒரே ஒரு ஜோடி, வலப்பக்கம். அதில் கீழ்ப்பல் போனால் மேல்பல் வெறும் அலங்காரம். மிச்சக் காலத்தை நான் எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தே கழிக்க வேண்டும்.

அந்தக் கீழ்ப்பல்தான் சொத்தையானது. மலையடிவாரத்து ஊரில், பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில் ஓர் இளம் மருத்துவர் இருந்தார். வேர் சிகிச்சை செய்தால் பல் தங்கும் என்றார். எந்த ஊர் என்று கேட்டார். மலைமேலே, திண்ணனூர் நாடு என்றேன். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. தலையாட்டிவிட்டு வாயைத் திறக்கச் சொன்னார்.

வேரைக் குடைந்த பின் ஊசிக்குழாயால் உள்ளே தண்ணீர் பீய்ச்சினார். ஏழு முறை. எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. நாக்கில் உப்புக் கரித்தது. அன்றே வேரை அடைத்தார். அடுத்த வாரம் பல்லுக்குத் தொப்பியும் போட்டு அனுப்பிவிட்டார்.

சில மாதங்கள் நிம்மதியாகப் போயின. பிறகு அந்தப் பல்லுக்குக் கீழே ஈறில் ஒரு கொப்புளம் வந்தது. அமுக்கினால் சீழ் வந்தது. "தொப்பி போட்ட பல்லு தொர மாதிரி உக்காந்துக்கிட்டுச் சீழ் வடிக்குது பாருங்க" என்று மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடிக்க முடியாதவனுக்குச் சிரிப்பு எதற்கு?

சேலத்தில் வேர் சிகிச்சை மட்டுமே செய்யும் ஒரு பெண் மருத்துவரிடம் போனேன். எக்ஸ்ரேயில் வேர் நுனியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு நிழல்.

"உள்ள கிருமி சாகவே இல்லீங்க ஐயா. அப்படியே மூடி வெச்சுட்டாங்க. திரும்பச் சுத்தம் பண்ணிப் பாக்கலாம். கேக்கலைன்னா பல்லை எடுத்துடறதுதான்."

பழைய அடைப்பை எடுக்கும் முன் ஒரு ரப்பர் விரிப்பில் ஓட்டை போட்டு, அந்தப் பல் மட்டும் வெளியே தெரியும்படி மாட்டினார். பிறகு வேருக்குள் எதையோ பீய்ச்சினார். வாசம் மூக்கில் ஏறியது. எங்கள் தொட்டித் தண்ணீரில் பஞ்சாயத்தார் பிளீச்சிங் பவுடர் போடும் நாளின் வாசம்! பீய்ச்சல்களை எண்ணிக்கொண்டே வந்து முப்பதைத் தாண்டியதும் குழம்பிவிட்டேன். எண்ணிக்கை தப்பி நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு முறைதான்.

வாய் விடுபட்டதும், "அது பிளீச்சிங்கா?" என்று கேட்டேன்.

"அதே சரக்குதாங்க, மருந்தாச் செஞ்சது. உள்ள கெடக்கற செத்த சதையைக் கரைக்கும், கிருமியையும் கொல்லும். ஈறுல பட்டாப் புண்ணாயிடும், அதுக்குத்தான் ரப்பர்."

"உப்புத் தண்ணி?"

"அழுக்கை அடிச்சிட்டுப் போகும். கொல்லாதுங்க."

நான் விடவில்லை. எல்லைத் தகராறில் இரு தரப்பையும் விசாரித்துப் பழகிய வாய். வாய் கொப்பளிக்கத் தரும் மருந்தை வேருக்கும் போடுகிறார்களாமே என்றேன். அது கிருமியைக் கொல்லும், ஆனால் சதையைக் கரைக்காது. பிளீச்சிங்கோடு சேர்ந்தால் பழுப்பு வண்டல் வேறு படியும் என்றார். அதிரும் ஊசி ஒன்று வைத்தாரே, அது? மருந்தைக் கலக்கிவிட்டு, குழாய் எட்டாத சந்துகளுக்குள் தள்ளுவதற்கு. லேசர்?

"அதுவும் உதவும்ங்க. ஆனா அது ஒண்ணே போதும்னு நான் சொல்ல மாட்டேன். மருந்தைப் புதுசு புதுசா மாத்தி, நேரம் குடுத்து ஊற வெக்கணும். அவசரப்படறவங்க கையில எந்த மெஷினும் ஒண்ணுதான்."

கடைசியில் வேருக்குள் ஒரு வெள்ளைப் பசையை வைத்தார். சுண்ணாம்பாம். வெற்றிலைக்குத் தடவும் அதே சுண்ணாம்பின் சுத்தமான வடிவம். இரண்டு வாரம் உள்ளே இருந்து மிச்சக் கிருமியைப் பார்த்துக்கொள்ளும் என்றார்.

நாற்காலியை விட்டு எழுந்தபோது அவர்மீது வந்த நன்றியை விட முதல் மருத்துவர்மீது வந்த கோபம் பெரிது. திரும்பும் வழியில் அடிவாரத்தில் இறங்கி அந்த மாடிப்படி ஏறினேன். கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓர் அம்மாள் காத்திருந்தார். மருத்துவர் வெளியே வந்தார்.

"வாங்க ஐயா, பல்லு எப்படி இருக்குது?"

"சீழோட இருக்குது. எதுல கழுவுனீங்க?"

"சலைன்லதாங்க, உப்புத் தண்ணி."

"பிளீச்சிங் மருந்து உங்ககிட்ட இல்லியா?"

"இருக்குதுங்க." கொஞ்சம் தயங்கினார். "மலைக்காரங்களுக்கு அது ஆகறதில்லீங்க. வாசம் வந்ததும் பாதியில எந்திரிச்சுப் போயிடறாங்க. அதுலருந்து, மலைன்னா சலைன்தான்."

"அடிவாரத்துக்காரங்களுக்கு?"

"அவங்களுக்கு அந்த மருந்துதாங்க."

அவர் சொன்னது பொய்யில்லை. பிளீச்சிங் போட்ட அன்று எங்கள் பக்கம் தொட்டித் தண்ணீரை வாழைக்கு ஊற்றிவிட்டு ஊற்றுக்குக் குடத்தைத் தூக்குவார்கள். என் ஊட்டுக்காரி முதல் ஆளாகப் போவாள். ஆனால் இந்த மனிதர் என்னைக் கேட்டாரா? ஊர்ப் பெயரைத்தான் கேட்டார். ஒரே நாற்காலி, இரண்டு தண்ணீர்.

"மன்னிச்சுக்குங்க ஐயா. நானே திரும்பப் பண்ணித் தாரேன்."

"வேண்டாம். நான் வேற ஒண்ணு பண்றேன்" என்று அந்த அம்மாளிடம் திரும்பினேன். "ஏனுங்க அம்மிணி, எந்த நாடு?"

"தேவனூர் நாடுங்க."

"வேர் சிகிச்சைங்களா?"

"அப்படித்தான் சொன்னாருங்க."

"உள்ள போனதும் தொட்டித் தண்ணி வாசம் வரோணும். வந்தா உக்காருங்க. வரலைன்னா எந்திரிச்சு வந்துருங்க."

"அய்யே! அந்த நாத்தத்தையா வாய்க்குள்ள?"

"வாய்க்குள்ள இல்லீங்க, பல்லுக்குள்ள. ரப்பர் போட்டுக்குவாங்க. நாத்தம் உங்களுக்கு, சாவு கிருமிக்கு."

அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மருத்துவர் சிரிக்கவில்லை. "அந்த மருந்து போட்டே பண்றேனுங்க" என்றார், என்னைப் பார்க்காமல்.

அதோடு விட்டேனா? பஸ்ஸில் சொன்னேன். மிளகு விற்கும் சந்தையில் சொன்னேன். ரேஷன் வரிசையில், முன்னால் நின்றவருக்கும் பின்னால் நின்றவருக்கும் சொன்னேன். திருப்புலி நாட்டில் ஒரு கல்யாணப் பந்தியில் சொல்லி, சாப்பிடுகிறவர்களின் திட்டும் வாங்கினேன். வாசம் வந்தால் எழுந்து போனவர்கள், இப்போது வாசம் வராவிட்டால் எழுந்து போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

"தப்ப ஒத்துக்கிட்ட மனுசன இன்னும் என்னத்துக்குங்க தொரத்தறீங்க?" என்றாள் மனைவி.

"போதாது."

சேலத்தில் சுண்ணாம்பை எடுத்து வேரை அடைத்தார்கள். கொப்புளம் அடங்கியிருந்தது. நிழல் சுருங்குகிறதா என்பதைப் பொறுத்துத்தான் சொல்ல முடியும் என்றார் அந்தப் பெண் மருத்துவர். பொறுத்தேன். போன மாதம் எடுத்த எக்ஸ்ரேயில் நிழல் பாதிக்குமேல் மறைந்திருந்தது. திரும்பும்போது வறுத்த கடலை வாங்கி வலப்பக்கம் போட்டுக் கடித்தேன். பல் தாங்கியது.

அடிவாரத்தில் பஸ் மாறும்போது அந்த மாடிப்படியின் அடியில் நின்றேன். மேலேயிருந்து பிளீச்சிங் வாசம் இறங்கி வந்தது. எங்கள் பஸ் கிளம்பத் தயாராக இருந்தது. நான் படியேறினேன். பாதி திறந்த கதவு வழியே நாற்காலியில் யாரோ ஒருவருடைய வெறுங்கால்கள் தெரிந்தன. மருத்துவர் ஊசிக்குழாயோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்ச நேரம் ஊறட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.