என் பேஸ், அவன் பேஸ்

எர்ணாவூரில் எங்கள் குடியிருப்புக்கு மூன்று மின்சார வண்டிகள் வந்ததும், யார் எப்போது சார்ஜ் போடுவது என்று மீட்டர் ரூம் கதவில் சாக்பீஸால் எழுதியவன் நான்தான். மின் இணைப்பின் ஒரு பேஸில் ஒரு நேரத்துக்கு ஒரு வண்டிதான். ஆறிலிருந்து எட்டு, கீழ்வீட்டு ஆட்டோக்காரத் தம்பிக்கு. எவனாவது மீறினால் மாடியிலிருந்தே கத்துவேன். அப்படியொரு பெரிய மனுஷத்தனம் எனக்கு.

அன்றைக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு லோ வோல்டேஜ். ஏசி இழுக்கவில்லை, ஃபேன் பேருக்குச் சுற்றியது. என் மின்சார ஸ்கூட்டரிலும் சார்ஜ் இல்லை, என் முறை வர இன்னும் ஒரு மணி நேரம். யார் காத்திருப்பது? வண்டியைச் சொருகிவிட்டு, லோ வோல்டேஜ் என்றால் எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுபோல, வீட்டிலிருக்கும் பேஸ் மாற்றும் சுவிட்சைத் திருப்பினேன். ஏசி, ஸ்கூட்டர் என்று மொத்த வீடும் தம்பியின் ஆட்டோ சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த பேஸுக்குத் தாவியது. எதிர்வீட்டு மீன்கார அக்காவின் ஃப்ரீசரும் அதில்தான். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, தெருப் பெட்டியில் பீஸ் போய்விட்டது.

சத்தமில்லாமல் சுவிட்சைப் பழையபடி திருப்பிவிட்டுத்தான் கீழே இறங்கினேன். கேவலம், வேறென்ன சொல்ல.

லைன்மேன் வந்தது மறுநாள் மதியம். ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்துக்கு அக்கா வைத்திருந்த இறால் மொத்தமும் நாறிவிட்டது. அன்னக்கூடையோடு குப்பைத்தொட்டிக்குப் போனவர் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நேரக் கட்டம் போட்டவன் நான், தீர்ப்பும் நான்தான் சொல்ல வேண்டும்.

"உன் பேட்டரிய இந்த பில்டிங் தாங்காதுபா," என்றேன் தம்பியிடம்.

அவன் அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டான். அதன்பின் திருவொற்றியூர் சார்ஜிங் ஸ்டேஷனில்தான் சார்ஜ் போடுகிறான். எட்டுக்குமேல் கிடைக்கிற ராத்திரிச் சவாரியையும் விட்டுவிட்டு அங்கே வரிசையில் கிடக்கிறான். வருமானம் பாதியாகிவிட்டது என்று அவன் பெண்சாதி என் மனைவியிடம் அழுதிருக்கிறாள். அதைக் கேட்டும் நான் சோற்றைப் பிசைந்துகொண்டுதான் இருந்தேன்.

போன வாரம் மீட்டர் ரூமில் என்னைப் பார்த்து அவனே வந்தான்.

"அண்ணாத்தே, நான்தான் இங்க சொருவறதில்லியே. என் டைம் சும்மாதான கீது, நீ எட்த்துக்க."

சொல்லிவிட்டு, கதவில் இருந்த அவன் வரியை உள்ளங்கையால் அழித்தான். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சரிப்பா" என்றுதான் வந்தது.

இப்போது ஆறிலிருந்து எட்டு என் ஸ்கூட்டர்தான் ஏறுகிறது.