கைலாசம் தறியை நிறுத்தச் சொன்ன சாயங்காலம்

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருக்கோடியில் ஒரு பஜனை மடம் இருக்கிறது. அதன் பின்னறையில் தறி போட்டுக்கொண்டு தனியாக வாழ்கிறார் கைலாசம். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை குட்டி கிடையாது. கொரோனாவுக்குப் பிறகு கல்யாண வீட்டுக்காரர்கள் எல்லாம் டிஜே பக்கம் சாய்ந்துவிட, ஊர்க் கலைஞர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்ற சமயத்தில், மடத்தில் மாதம் ஒரு கச்சேரி என்று ஆரம்பித்தவர் இவர்தான். யாரும் இவரைக் கேட்கவில்லை. தான் நெய்த கூலியில் ஒரு பங்கை எடுத்துவைத்து, வாசிக்க வந்தவருக்கு வெற்றிலை பாக்கோடு தாம்பாளத்தில் வைத்துக் கொடுப்பார்.

பாயை அவரே விரிப்பார். சுக்கு காபியை அவரே போடுவார். பிறகு முதல் வரிசையில் போய் உட்கார்வார். பெரும்பாலும் கடைசி வரிசையும் அதுவாகத்தான் இருக்கும்.

கச்சேரி அமாவாசையன்றுதான். நெசவாளிகளுக்கு அன்று தறி லீவு. வேலையில்லாத நாளில் தெரு வந்து உட்காரும் என்பது கைலாசம் போட்ட கணக்கு. தெரு என்ன செய்தது? கோயிலுக்குப் போனது, மகள் வீட்டுக்குப் போனது, மிச்சமிருந்தவர்கள் போனைத் தடவிக்கொண்டு படுத்துக்கிடந்தார்கள். எங்கள் தெருவுக்கு வெட்கமே கிடையாது.

மடத்தின் பொறுப்பைக் கவனிக்கும் பெரிய மனிதர் சிவபாலன் ஒருநாள் வந்தார். பாயில் உட்காராமல் நின்றபடியே பேசினார்.

“சேலைக் கடைக்காரங்க குடோனுக்குக் கேட்டுக்கினே இருக்காங்கபா. நீ ஒருத்தன் பாட்டு கேக்கறதுக்கு இவ்ளோ பெரிய எடமா? இந்த வாட்டியும் ஆளு வரலன்னா சாவியக் குடுத்துடு. என்னைத் தப்பா நெனைக்காத.”

“இந்த வாட்டி வருவாங்க,” என்றார் கைலாசம். எதை நம்பிச் சொன்னாரோ.

அந்த முறை வாசிக்க வேண்டியவர் வயலின் ஜான்சன். ஏனாத்தூர்க்காரர். கல்யாண வாசிப்பெல்லாம் நின்றுபோன பிறகு பைக்கில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில் இருந்தார். அமாவாசையன்று அவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம்தான் முடியும் என்றார். வியாழக்கிழமை என்றால் தெருவே தறியில் இருக்கும். மடத்தில் மைக் வேறு கிடையாது. அத்தனை தறிச் சத்தத்தில் மிருதங்கமே அமுங்கிவிடும், வயலின் எம்மாத்திரம்?

அன்று மத்தியானமே மடத்துக்கு இருபுறமும் உள்ள வீடுகளில் ஏறி இறங்கினார் கைலாசம். “சாயங்காலம் கொஞ்ச நேரம் தறிய நிறுத்துங்கபா. கச்சேரி இருக்குது. முடிஞ்சா வந்து உக்காருங்க.” கேட்டவர்களுக்குச் சங்கடமாகப் போயிற்று. வரப்போவதில்லை என்று அவர்களுக்கே தெரியும். தறியை நிறுத்துவதற்காவது தலையாட்டி வைத்தார்கள்.

சொன்னபடியே அந்தச் சில வீடுகளில் தறி நின்றது. அதோடு போயிருந்தால் சரி. ஆனால் எங்கள் பக்கத்தில் வேலை நாளில் தறி நிற்க ஒரே காரணம்தான் உண்டு. தெருவில் சாவு விழுந்தால், பிணத்தை எடுக்கிறவரைக்கும் யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். ஒருவருக்கொருவர் சொல்லியனுப்புவதுகூடக் கிடையாது. பக்கத்து வீட்டுச் சத்தம் நின்றால் இந்த வீட்டுக்காரர் தறியின் மிதிகட்டையிலிருந்து காலை எடுத்துவிடுவார். அன்றும் அப்படியே ஆயிற்று. எதிர் வீடு நின்றது, முக்கு வீடு நின்றது, அடுத்த தெருவும் ஓய்ந்துபோயிற்று.

ஜனம் வெளியே வந்தது. யார், எந்த வீடு? முதலில் அடங்கியது மடத்துப் பக்கம். மடத்தில் இருப்பது யார்? ஒண்டி ஆள், வயசானவர். கூட்டிக் கழித்துப் பார்த்து முடிவுக்கே வந்துவிட்டார்கள். ஆண்கள் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டார்கள், பெண்கள் தலையை அள்ளி முடிந்துகொண்டு கிளம்பினார்கள். நானும் அந்தக் கூட்டத்தோடு போனவன்தான்.

உள்ளே ஜான்சன் வாசிக்கத் தொடங்கியிருந்தார். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த கைலாசம், வாசலில் செருப்புகளைக் கழற்றும் ஓசை கேட்டுத் திரும்பினார். ஆள் மேல் ஆளாக வந்துகொண்டிருந்தார்கள். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. ஓடிப்போய் இன்னும் ஒரு பாயை எடுத்து வந்தார். “வாங்க, வாங்க, முன்னாடி வாங்க” என்று வாய்நிறையக் கூப்பிட்டார்.

செத்தவர் பாய் விரிக்கிறாரே! வந்தவர்களுக்குத் திரும்பிப் போகவும் கூச்சமாக இருந்தது. சாவு வீட்டில் உட்கார்கிற மாதிரியே தலையைக் குனிந்து, ஒருவரோடு ஒருவர் பேசாமல் உட்கார்ந்தார்கள். ஜான்சனுக்கு விஷயம் தெரியாது. இவ்வளவு அடக்கமான கூட்டத்தை அவர் எந்தக் கல்யாணத்தில் பார்த்திருக்கப்போகிறார்? உருகி உருகி வாசித்தார்.

அடுத்த தெரு காயத்ரி மட்டும் நிலைப்படி தாண்டாமல் நின்று அழுதுகொண்டிருந்தாள். கையில் ரோஜா மாலை. கைலாசம் அவளிடம் போனார்.

“இன்னாம்மா அழுவுற? உள்ள வா.”

“நீ நல்லாத்தான் இருக்கியா மாமா? தறி நின்னுடுச்சு... எல்லாரும் நீதான்னு சொல்லிக்கினு...”

அவர் மாலையைப் பார்த்தார். உட்கார்ந்திருந்தவர்களை ஒருமுறை பார்த்தார். விளங்கிவிட்டது. அந்த முகம் சுருங்கிப்போயிற்று.

“எனக்கு வாங்கினதுதானே, குடு,” என்று மாலையை வாங்கிக்கொண்டார். வாசிப்பு முடிந்ததும் அதைக் கொண்டுபோய் ஜான்சன் கழுத்தில் போட்டார். திகைத்துப்போன கூட்டம் கை தட்டியது.

பிறகு எல்லோரும் எழுந்தார்கள். பழக்கதோஷம், சாவு வீட்டிலிருந்து புறப்படுவதுபோலவே யாரும் போய் வருகிறேன் என்று சொல்லவில்லை. சிவபாலன் மட்டும் நின்றார். அவர் தோளிலும் துண்டு இருந்தது.

“இவ்ளோ சனம் வருதுன்னா எப்படிபா மூடறது? சாவி உங்கிட்டயே இருக்கட்டும்,” என்றார். கைலாசத்தின் முகத்தைப் பார்க்காமல் துண்டை மடித்துக்கொண்டே போய்விட்டார்.

மடம் பிழைத்துவிட்டது. வெளியே ஒவ்வொரு வீடாகத் தறி மறுபடி ஓட ஆரம்பித்தது. கைலாசம் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

ஜான்சன் வயலின் பெட்டியோடு அருகே வந்தார். மாலையைக் கழற்ற அவருக்கு மனம் வரவில்லை.

“அண்ணே, கொரோனாக்கு அப்புறம் இத்தினி பேரு உக்காந்து கேட்டு நான் பாத்ததே இல்ல. அடுத்த வாட்டியும் இவங்கல்லாம் வருவாங்களா?”

“இவங்க ஒரு வாட்டிதான் வருவாங்க தம்பி, அதுக்கு வந்துட்டாங்க,” என்றார் கைலாசம். “நீ வா. நான் இருக்கறேன்.”