பீன்ஸ் வெந்ததும் நான் விழித்ததும்

தன் நாக்குக்குப் பழகாத சாப்பாட்டைச் சம்பளத்துக்குச் சமைப்பது போலக் குழப்பமான தொழில் வேறு கிடையாது. உப்பு போதுமா என்பதைக்கூட அடுத்தவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உங்களில் யாராவது அப்படி ஒரு அடுப்படியில் நின்று திருதிருவென்று விழித்திருந்தால், வாங்க, பக்கத்தில் உட்காருங்க.

நான் பதினோரு வருடம் தொழிற்சாலை கேண்டீனில் சமைத்தவள். அதை மூடிவிட்டதும், பினாங்கு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில், எலெனி என்ற கிரேக்கப் பெண்மணியின் சாப்பாட்டுக் கடையில் சேர்ந்தேன். மொத்தமே எட்டு மேசை. சமையலுக்கு எலெனியும் நானும். பரிமாற காதர் அண்ணன். இருபது வருடம் நாசி கண்டார் சோற்றுக் கடையில் நின்றவர்.

முக்கால் போத்தல்

முதல் நாள் பீன்ஸ் குழம்பு. அவர்கள் பாஷையில் ‘ஃபசோலாக்கியா’. பீன்ஸ், உருளைக்கிழங்கு, வெங்காயம், தக்காளி, அவ்வளவுதான். எலெனி ஆலிவ் எண்ணெய்ப் போத்தலை எடுத்துச் சட்டியில் கவிழ்த்தார். எங்கள் வீட்டில் ஆலிவ் எண்ணெய் என்பது மருந்து அலமாரியில் இருக்கும் சின்னக் குப்பி. பிள்ளை பிறந்தால் உடம்புக்குத் தேய்ப்போம். இவர் ஊற்றுகிறார், ஊற்றுகிறார், நிறுத்தவே இல்லை. கை தவறிவிட்டது என்று நினைத்துப் பாய்ந்து போத்தலைப் பிடித்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். நான் போத்தலைப் பார்த்தேன். முக்கால்வாசி காலி.

பிறகு ஒரு மணி நேரம் வேகவிட்டார். கேண்டீனில் பீன்ஸின் பச்சை நிறம் போனால் திட்டு விழும். இங்கே மூடியைத் திறந்தால் காக்கி நிறம். “சாரி மேடம், குழைஞ்சிடுச்சு” என்றேன், என் தப்பு போல. அவருக்கோ ஒரே சந்தோஷம். “இன்னும் பத்து நிமிஷம். தண்ணி எல்லாம் போய் எண்ணெய் மட்டும் நிக்கணும்” என்று ஆங்கிலத்தில் சொன்னார். காதர் அண்ணன் சட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என் காதருகே வந்து கேட்டார்: “ஏன் தங்கச்சி, இது சாப்பிடவா, தேய்ச்சிக் குளிக்கவா?”

லாதி

எலெனி அப்போது மலாய் கற்றுக்கொண்டிருந்தார். பாதி வார்த்தை உடைந்துதான் வரும். ஒரு நாள் பின்கட்டில் ரொட்டி மாவு பிசைந்துகொண்டே, “சாந்தி, மோர் லாதி! மோர் லாதி!” என்று கத்தினார். மோர், ஆங்கிலத்தில் ‘இன்னும்’. மலாயில் மிளகாய்க்கு லாடா. கடைசியில் இந்தம்மாவுக்கும் நாக்கு வந்துவிட்டது என்று எனக்கு மனசு நிறைந்துபோனது. ஊசி மிளகாய் பன்னிரண்டை இடித்து பீன்ஸ் சட்டியில் போட்டேன்.

வந்து ஒரு கரண்டி வாயில் வைத்தவர் முகம் செக்கச் சிவந்து, விக்கல் எடுத்து, தண்ணீர்க் குழாயில் போய் வாயை வைத்துக்கொண்டார். லாதி என்றால் கிரேக்கத்தில் எண்ணெயாம். இன்னும் எண்ணெய்! அந்த ஒரு சட்டிதான் அன்றைக்கு. மூன்று மேசைக்கு அதுதான் ஆர்டர். காதர் அண்ணன் போய் விஷயத்தைச் சொன்னதும் இரண்டு மேசை எழுந்து போய்விட்டது. மூன்றாவது மேசையில் எங்கள் பழைய வாடிக்கையாளர், ஒரு சீனப் பெரியவர். மூக்கு ஒழுக ஒழுக முழுவதையும் சாப்பிட்டார். வேலை போச்சு என்று சுவரோரம் நின்றிருந்தேன். அவர் நேரே எலெனியிடம் வந்து சொன்னார்: “ஆறு மாசமா வர்றேன். இன்னிக்குத்தான் நல்ல சமையல்காரரா வச்சிருக்கீங்க.”

ஆமாவும் இல்லையும்

இன்னொரு நாள் “உப்பு போதுமா?” என்று எலெனியைக் கேட்டேன். “நே” என்றார். ‘நோ’ என்று எனக்குக் கேட்டது, கொஞ்சம் போட்டேன். “இப்ப போதுமா?” “நே, நே!” இன்னும் கொஞ்சம் போட்டேன். மூன்றாம் தடவை “இன்னும் போடவா?” என்று கேட்டபோது அவர் வாயால் பதில் சொல்லாமல் முகவாயை மேலே தூக்கினார். நம்மிடையே அப்படித் தூக்கினால் ‘என்ன?’ என்று அர்த்தம். காதில் விழவில்லை போல என்று இன்னும் சத்தமாகக் கேட்டேன். அவர் இன்னும் உயரமாகத் தூக்கினார்.

‘நே’ என்றால் ஆமாம், முகவாயைத் தூக்கினால் இல்லை என்று விளங்கியபோது, உப்பைச் சமாளிக்க ஆறு உருளைக்கிழங்கு சட்டிக்குள் போய்விட்டது. நான் மன்னிப்புக் கேட்டேன். எலெனி பெருமூச்சு விட்டார்: “பரவாயில்ல சாந்தி. நீ தலையை ரெண்டு பக்கமும் ஆட்டுறியே, அதுக்கு என்ன அர்த்தம்னு நானும் இன்னும் கண்டுபிடிக்கல.”

மூன்று முறை சூடு

அந்தக் குழம்பை ஆறவைத்து, வெதுவெதுப்பாகத்தான் பரிமாற வேண்டும். அப்போதுதான் எண்ணெயின் மணம் தெரியும் என்பது எலெனியின் கட்சி. ஆயர் ஈத்தாமிலிருந்து வந்த ஒரு அக்கா, புரட்டாசி விரதம், சைவம் என்று கேட்டு அதைத்தான் வாங்கினார். “ஆறிப்போச்சு” என்று திருப்பி அனுப்பினார். நான் சூடாக்கினேன். வழியில் எலெனி பிடுங்கி ஆறவைத்தார். மறுபடி திரும்பி வந்தது. மறுபடி சூடு, மறுபடி ஆறல். மூன்றாவது தடவை எலெனியே போய்ப் பணிவாக விளக்கினார். காதர் அண்ணன் மொழிபெயர்த்தார். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “ஆறின சோறு வேணும்னா நான் வீட்டுலயே லேட்டா சாப்பிட்டுக்குவேனே லா!”

சுங்கை பினாங்கில்

ஞாயிற்றுக்கிழமை சுங்கை பினாங்கில் எங்கள் வீட்டில் அதையே செய்து பார்த்தேன். என் வீட்டுக்காரர் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு, குழம்பை ஓரமாக வைத்துக்கொண்டு, கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார். ஐந்து நிமிடம் ஆனது. “சாப்பிடலையா?” என்றேன். “பொரியல் வந்துருச்சு, குழம்பு வரட்டும்னு இருக்கேன்.”

ஆறு கப்பல்காரர்கள்

போன வருடம் எலெனியின் அம்மா ஊரில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். கடையை மூடிவிட்டுப் போகிறேன், திரும்பத் திறப்பேனா தெரியவில்லை என்று எலெனி அழுதார். காதர் அண்ணனுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் மூன்று. எனக்கு இன்னொரு கேண்டீன் எங்கே கிடைக்கும்? “நான் பார்த்துக்கறேன்” என்று வாய் சொல்லிவிட்டது. என்ன சொன்னேன் என்று யோசிப்பதற்குள் அவர் விமானம் ஏறிவிட்டார்.

நான்காம் நாள் நல்ல மழை. ஆயர் ஈத்தாம் சந்தையில் பீன்ஸே வரவில்லை. பயத்தங்காய்தான் இருந்தது. நீளமாக இருந்தால் என்ன, நறுக்கினால் ஒன்றுதானே என்று வாங்கி வந்து சமைத்தேன். மத்தியானம் கப்பலில் வேலை செய்யும் ஆறு பேர் உள்ளே வந்தார்கள். சுவரில் எழுதியிருந்த குழம்புப் பெயரைப் படித்துக் கைதட்டினார்கள். காதர் அண்ணன் வெளிறிப்போய் வந்தார். “தங்கச்சி, அசல் கிரேக்கக்காரங்க. ஆறு பேரும் ஃபசோலாக்கியா.”

தட்டுகளை அனுப்பிவிட்டுக் கதவிடுக்கில் நின்றேன். பிறகு ஒருவன் காயைக் கரண்டியில் தூக்கிக் காட்டி ஏதோ சொன்னான். இன்னொருவன் மேசையைத் தட்டினான். ஆறு பேரும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தார்கள். சண்டையா, பாராட்டா, ஒன்றும் விளங்கவில்லை. எலெனியின் கடைப் பெயரை நான்கே நாளில் கெடுத்துவிட்டேன் என்று முடிவே கட்டிவிட்டேன். அவர்களில் வயதானவர், நரைத்த மீசைக்காரர், விரலால் என்னைக் கூப்பிட்டார். போனேன். அவர் தட்டு ரொட்டியால் துடைத்துச் சுத்தமாக இருந்தது. “இதுக்கு என்ன பேரு?” என்றார். “ஃபசோலாக்கியா” என்றேன், எனக்கே கேட்கவில்லை. அவர் முகவாயைத் தூக்கினார். பிறகு மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னார்: “இது ஃபசோலாக்கியா இல்லம்மா. என்னன்னு எங்க ஆறு பேருக்கும் தெரியல. ஆளுக்கு இன்னொரு தட்டு வை.”

ஒரு மாதம் கழித்து எலெனி திரும்பி வந்தபோது கடை திறந்துதான் இருந்தது. அதைத் திறந்து வைத்திருந்த அந்தக் குழம்புக்கு என்ன பேர் என்பது மட்டும் எங்கள் மூன்று பேருக்கும் இன்றுவரை விளங்கவில்லை.